சோலியும் ஜோலியும்

ரெயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் தண்டவாளத்தோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவன் நான். பொருளாதாரம் படித்தவன் அல்லன். வெறும் டிப்ளமோ சிவில். ஆகவே வேலைவாய்ப்புப் புள்ளிவிவரங்களைப் பற்றி நான் எழுதுவது சில அன்பர்களுக்கு அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றலாம். ஆனால் அளவெடுப்பது என் தொழில். அளவில் பிழை எந்த வழியாக நுழையும் என்று தேடித் தேடியே வயிறு வளர்த்தவன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. நாட்டின் வேலைவாய்ப்புக் கணக்கில் உள்ள பிழைகளில் இரண்டு, ஸ்ரீவராகத்தில் என் வீட்டில் என்னாலேயே நேர்ந்தவை.

முதல் பிழையைச் சொல்லிவிடுகிறேன். 2003-இல் என் மகன் எஸ்.எஸ்.எல்.சி. தேறினான். கேரளத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பத்துத் தகப்பன்மார் இந்த ஊர் வழக்கங்களில் எதைக் கற்றுக்கொண்டோமோ இல்லையோ, ஒன்றை உடனே கற்றுக்கொண்டோம்: பரீட்சை முடிவு வந்ததும் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு ஓட வேண்டும். நானும் ஓடினேன். பதிவு அட்டை கிடைத்தது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். விட்டுவிட்டால் சீனியாரிட்டி போய்விடும். மகன் பொறியியல் படித்து 2009-இல் பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்துவிட்டான். என் கடைசி மாதச் சம்பளத்தை அவன் சில வருடங்களிலேயே தாண்டிவிட்டான் என்பதையும் சொல்ல வேண்டும். அப்படியும் 2012-இலும் 2015-இலும் நான் அட்டையைப் புதுப்பித்தேன். "கிடக்கட்டுமே, நாளைக்கு அரசாங்க வேலைக்கு அழைப்பு வந்தால்?" என்பது என் எண்ணம். 2018-இல் மறந்துபோய்விட்டேன். ஆக, கை நிறையச் சம்பளம் வாங்கிய ஒருவன், ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கேரளத்தின் வேலையற்றோர் பட்டியலில் பத்திரமாக உட்கார்ந்திருந்தான்.

என் மகன் ஒருவன்தான் இப்படியா? அந்தப் பட்டியலில் பல ஆண்டுகளாக 35 லட்சத்துக்குக் குறையாத பெயர்கள் இருந்தன. 40 லட்சத்தைத் தாண்டிய காலமும் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி கேரளத்தின் மொத்த ஜனத்தொகை 3 கோடியே 34 லட்சம். தொட்டில் குழந்தையையும் தொண்ணூறு வயதுக் கிழவரையும் சேர்த்தே எண்ணினாலும் பத்துப் பேருக்கு ஒருவர் என்று ஆகிறது. மேடைக்கு மேடை வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பற்றிப் பேசியவர்கள் இந்த எண்ணைத்தான் எடுத்து வீசினார்கள். பட்டியலில் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்கள் என்பது அப்போது யார் கண்ணிலும் அவ்வளவாகப் படவில்லை.

வேலை கிடைத்தவன் தன் பெயரை அடிக்கச் சொல்லிப் போவதில்லை. வளைகுடாவுக்கு விமானம் ஏறியவன் போவதில்லை. கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவனுக்கும் ஒரு பதிவு எண் உண்டு. மறுபுறம், பள்ளிக்கூட வாசலை மிதிக்காத கூலித் தொழிலாளி வேலையில்லாமல் கிடந்தாலும் அவன் பெயர் பெரும்பாலும் அதில் இருக்காது. பட்டியலில் நீடித்திருப்பவனுக்கு மூப்பு என்ற பரிசு கிடைக்கிறது. விலகுபவனுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. இப்படி வைத்தால் அது வேலை தேடுவோரின் கணக்காக இராது. நம்பிக்கை வைத்திருப்போரின் கணக்காக இருக்கும். அலுவலகத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. அட்டையைக் கொண்டுபோய் நீட்டியது என் கை.

அடுத்த பிழை இதற்கு நேர் எதிரானது. எனக்கு அதிக வெட்கம் தருவதும் அதுதான்.

2023-இல் ஒரு பிற்பகல். மத்திய அரசின் ஆய்வுக்காக ஓர் இளம்பெண் கையில் டேப்லெட்டுடன் வந்தார். வெயிலில் வந்த பிள்ளை என்று நாற்காலி போட்டு மோர் கொடுத்தேன். மலையாளத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டார். வீட்டில் எத்தனை பேர், வயது, படிப்பு. என்னைப் பற்றி: பென்ஷன்தாரர். அடுத்து என் மனைவி. "சேச்சிக்கு ஜோலி உண்டோ?" நான் யோசிக்கக்கூட இல்லை. "ஜோலி ஒன்றும் இல்லை, வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்" என்றேன். நான் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது உள்ளறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் வாசல் வரை கேட்டது. அந்தப் பெண்ணுக்கும் கேட்டிருக்கும். பதினைந்து வீடு முடிக்க வேண்டிய அவசரத்தில் அவர் எதை என்று விசாரிப்பார்?

அவர் போன பிறகு மெஷின் நின்றது. "ஏங்க, நான் சும்மாவா இருக்கேன்?" என்று உள்ளிருந்து ஒரு கேள்வி வந்தது. பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் மனைவி முப்பது ஆண்டுகளாகச் சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கிறாள், பிளவுஸ் தைக்கிறாள். கரமனையிலிருந்தும் வலியசாலையிலிருந்தும்கூடத் துணி வரும். ஓணத்துக்கும் தீபாவளிக்கும் முந்தைய மாதங்களில் எங்கள் கூடத்தில் கால் வைக்க இடமிராது. மகனின் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பங்கு அந்த மெஷினிலிருந்து போனது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் "சும்மா" என்றேன்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் "சோலி" என்றொரு சொல் உண்டு. "எனக்குச் சோலி கிடக்கு" என்றால் செய்து முடிக்க வேண்டிய காரியம் இருக்கிறது என்று பொருள். அடுப்படிக் காரியமும் அதில் சேரும், வயல் காரியமும் சேரும். இங்கே மலையாளத்தில் "ஜோலி கிட்டி" என்றால் உத்தியோகம் கிடைத்தது, மாதம் முதல் தேதி சம்பளம் வரும் என்று பொருள். இரண்டும் காதுக்கு ஒன்றுபோலத்தான் விழுகின்றன. என் மனைவிக்கு விடிந்ததிலிருந்து அடையும் வரை சோலி. ஆனால் ஜோலி இல்லை. அரசாங்கத்தின் கேள்விக்கும் என் பதிலுக்கும் இடையில் இந்த ஒரு எழுத்தில் ஒரு மனுஷி காணாமல் போனாள்.

அவள் எங்கே போனாள் என்று தேடிப் பார்த்தேன். இந்த ஆய்வுகளில் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு எண் உண்டு. சொந்தத் தொழில் செய்பவர் 11. குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் கூட நிற்பவர் 21. மாதச் சம்பளக்காரர் 31. வேலை தேடுபவர் 81. வீட்டு வேலை மட்டும் பார்ப்பவர் 92. வாடகை, பென்ஷன், பிள்ளைகள் அனுப்பும் பணம் ஆகியவற்றில் காலம் தள்ளுபவர் 94. ஆக நான் 94. வளைகுடாப் பணத்தில் நடக்கும் கேரள வீடுகளில் எத்தனையோ பேர் என்னோடு அந்த எண்ணில் கூட்டாளிகள். என் பதிலின்படி என் மனைவி 92. உண்மையில் அவளுக்கு உரியது 11.

சந்தேகம் தீர ஒரு வாரம் நோட்டுப் போட்டேன், அவளுக்குத் தெரியாமல். பழைய மஸ்டர் ரோல் போலத்தான். திங்கட்கிழமை மூன்றரை மணி, செவ்வாய் நாலு, புதன் இரண்டு. இப்படி ஞாயிறு வரை கூட்டினால் 24 மணி நேரம். சமையல், துணி, பூஜை சாமான் விளக்குவதெல்லாம் இதில் சேரவில்லை. ஆய்வின் விதி என்ன தெரியுமா? குறிப்பிட்ட ஏழு நாட்களில் ஏதாவது ஒரு நாளில் ஒரே ஒரு மணி நேரம் வருமானத்துக்கான வேலை செய்திருந்தாலே அந்த வாரக் கணக்கில் அவர் வேலையில் இருப்பவர். ஆண்டுக் கணக்கில், துணைத் தொழிலாக 30 நாள் செய்திருந்தாலே போதும். எந்தக் கோலால் அளந்தாலும் அவள் உழைப்பாளிதான். விதியில் குறை இல்லை. கேள்விக்குப் பதில் சொன்ன ஆளிடம்தான் குறை.

இங்கே என் பழைய தொழிலிலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். அளவுப் பிழையில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, கை நடுக்கம்போல் ஒருமுறை கூடுதலாகவும் ஒருமுறை குறைவாகவும் வருவது. பலமுறை அளந்து சராசரி எடுத்தால் அது அடங்கிவிடும். மற்றொன்று எப்போதும் ஒரே பக்கம் சாய்வது. 20 டிகிரி வெப்பத்தில் சரியாக இருக்கும்படி செய்யப்பட்ட 30 மீட்டர் எஃகு டேப்பை 40 டிகிரி வெயிலில் விரித்தால் சுமார் 7 மில்லிமீட்டர் நீண்டுவிடும். நீண்ட டேப்பால் அளந்தால் தூரம் குறைத்துக் காட்டும். ஒரு கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 23 சென்டிமீட்டர். அதே டேப்பால் அதே வெயிலில் நூறு முறை அளந்து சராசரி எடுத்தாலும் அந்த 23 சென்டிமீட்டர் திரும்பி வராது. வெப்பமானியை எடுத்துக் கணக்குத் திருத்தம் செய்தால்தான் வரும். புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு இதைப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பி.எல்.எஃப்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் காலமுறைத் தொழிலாளர் ஆய்வு 2017-18 முதல் நடந்து வருகிறது. முதல் ஆண்டிலேயே ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள், நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட ஆட்கள். இவ்வளவு பேரைக் கேட்டால் கை நடுக்கப் பிழை அடங்கிவிடும் என்பது சரி. ஆனால் லட்சம் வாசல்களிலும் என்னைப்போல் ஒருவன் உட்கார்ந்து "அவள் சும்மாதான்" என்று சொன்னால்? பத்து லட்சம் வீட்டுக்குப் போனாலும் அந்தச் சாய்வு அப்படியே இருக்கும்.

இது என் கற்பனை என்று நினைத்துவிடாதீர்கள். நாட்டிலேயே இது ஒருமுறை பெரிய அளவில் நடந்திருக்கிறது. 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் உழைக்கும் பெண்கள் சுமார் 5.9 கோடி. 1971-இல் சுமார் 3.1 கோடி. பத்து ஆண்டில் ஜனத்தொகை கூடியது. உழைக்கும் பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேரைக் காணோம்! பஞ்சம் கொண்டுபோனதா, யந்திரம் கொண்டுபோனதா? காரணத்தின் பெரும்பகுதி கேள்வித்தாளில் இருந்தது. 1961-இல், பருவத்தின் பெரும்பகுதியில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் முறையாக வயல் வேலையோ வீட்டுத் தொழிலோ பார்த்தாலே உழைப்பாளி என்று எண்ணினார்கள். 1971-இல் "உங்கள் முக்கியமான காரியம் என்ன?" என்று கேட்டார்கள். நம் வீட்டுப் பெண்களிடம் முக்கியமான காரியம் என்ன என்று கேட்டால் என்ன பதில் வரும்? சமையலும் பிள்ளைகளும்தான். நாற்று நட்டவள், நெசவில் பாவு ஓட்டியவள், பீடி சுற்றியவள் எல்லோரும் ஒரே கேள்வியில் இல்லத்தரசிகள் ஆகிவிட்டார்கள். அதிகாரிகளுக்கே இது உறுத்தியதால் பின்னர் ஒரு மறு ஆய்வும் நடத்தினார்கள். 1981-இல் ஆண்டில் 183 நாளை எல்லையாக வைத்து, அதற்குக் குறைவாக உழைப்போரைத் தனி வகையாகப் பிரித்தார்கள். 1991-இல்தான் "பண்ணையிலோ குடும்பத் தொழிலிலோ ஊதியமின்றி உழைப்பதும் சேரும்" என்ற சொற்கள் கேள்வியிலேயே ஏறின.

நம் நாட்டில் மட்டும் இப்படி என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்காவில் 1993 முடியும் வரை வேலைவாய்ப்பு ஆய்வின் முதல் கேள்வி, "போன வாரம் பெரும்பாலும் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், வேலையா, வீட்டைக் கவனித்தலா, படிப்பா?" என்ற மாதிரி இருந்தது. கதவைத் திறந்தவர் பெண் என்றால், கேட்பவர் வீட்டைக் கவனித்தலிலிருந்தே தொடங்கக்கூடும். 1994 ஜனவரியில் இதை மாற்றி, வீட்டில் யாராவது தொழிலோ பண்ணையோ நடத்துகிறார்களா, போன வாரம் கூலிக்கோ லாபத்துக்கோ ஏதாவது வேலை செய்தீர்களா என்று நேராகக் கேட்கத் தொடங்கினார்கள்.

இப்போது தலைகீழான ஓர் அதிசயத்தைப் பாருங்கள். 2017-18 ஆய்வில், 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியப் பெண்களில் உழைப்பவரும் வேலை தேடுபவரும் சேர்ந்து 23.3 சதவீதம். 2023-24-இல் 41.7 சதவீதம். ஆறே ஆண்டில் இவ்வளவு பெரிய ஏற்றம். சிலர் இதைச் சாதனை என்று கொண்டாடுகிறார்கள். வறுமை தாங்காமல் பெண்கள் வேலைக்கு இறங்கிவிட்டார்கள் என்று சிலர் கவலைப்படுகிறார்கள். இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் 2023-24-இல் வேலையில் இருந்ததாக எண்ணப்பட்ட பெண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் எண் 21, அதாவது குடும்பத் தொழிலில் சம்பளமில்லாத கைத்துணை. சாலைக் கடைவீதியில் சாயங்காலம் கணவனோடு கல்லாவில் உட்காரும் அம்மாள் போன்றவர்கள். இவர்கள் முந்தின ஆண்டும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்களா, இல்லை இப்போதுதான் வந்தார்களா? கேட்பவர் துருவிக் கேட்கக் கற்றுக்கொண்டாலும் எண் ஏறும். நிஜமாகவே ஆட்கள் கூடினாலும் ஏறும். சூட்டில் நீண்ட டேப்பைக் குளிர்வித்துவிட்டு அளந்தால் தூரம் கூடித்தான் காட்டும். பாதை நீண்டுவிட்டதாக அர்த்தமில்லை. இந்த 18 சதவீதத்தில் எவ்வளவு பாதை, எவ்வளவு டேப் என்று பிரித்துச் சொல்லாமல் கொண்டாடுவதும் அழுவதும் எனக்குச் சம்மதமில்லை.

இனி இதற்கு மறுப்பாக ஒரு நண்பர் என்னிடம் சொன்னதையும் சொல்ல வேண்டும். சங்கத்தில் சீட்டு விளையாடும் மேஜையில் வைத்து அவர் கேட்டார்: "ஓய், எம்.ஏ. படித்துவிட்டு வேலை கிடைக்காமல் வாரத்துக்கு ஒரு பிளவுஸ் தைக்கிற பெண்ணையும் வேலையில் இருப்பவள் என்று எழுதிவிட்டால், வேலையில்லாத் திண்டாட்டமே இல்லை என்று அரசாங்கம் சொல்லிவிடாதா?" நியாயமான கேள்வி. ஒரு மணி நேர விதியின் மறுபக்கம் இதுதான். அந்த விதி நம் ஊர் சூழ்ச்சி அல்ல. 1982-இல் ஜெனிவாவில் கூடிய சர்வதேசப் புள்ளிவிவர நிபுணர்கள் ஏற்றுக்கொண்டது. உற்பத்தியைக் கணக்கிடுபவர்களுக்கு அது வசதி. வேலை தேடும் பெண்ணின் தகப்பனுக்கு அது ஆறுதல் தராது.

அந்த நண்பருக்கு நான் சொன்ன பதில்: ஒரே எண்ணில் எல்லாவற்றையும் அடைக்கப் பார்ப்பதுதான் கோளாறு. இதை எனக்கு முன்பே பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பேராசிரியர் எம்.எல். தாந்த்வாலா தலைமையில் அமைந்த நிபுணர் குழு 1970-இல் தந்த அறிக்கையில், சொந்தத் தொழிலும் கூலியும் குடும்ப உழைப்பும் கலந்து கிடக்கும் நம் நாட்டில் வேலையின்மையை ஒற்றை எண்ணாகத் திரட்டிச் சொல்வது பொருந்தாது என்று கூறியது. அதன் பிறகுதான் 1972-73-இல் தேசிய மாதிரி ஆய்வு ஆண்டுக் கணக்கு, வாரக் கணக்கு, நாள் கணக்கு என்று மூன்று கோல்களை வைத்துக்கொண்டது. மூன்றும் எவ்வளவு விலகும் என்பதற்கு 2004-05 ஒரு சாட்சி. அதே வீடுகள், அதே ஆட்கள். ஆண்டுக் கணக்கில் வேலையின்மை 2.3 சதவீதம், நாள் கணக்கில் 8 சதவீதத்துக்கும் மேல்.

எனக்கு இது வியப்பாக இல்லை. என் கீழே தினக்கூலிக்கு வந்த ஆட்களின் மஸ்டர் ரோலில் அவர்கள் வந்த நாட்களைத்தான் நான் குறித்தேன். மழைக்காலத்தில் வேலை நிறுத்தப்பட்ட நாட்களில் அந்த ஆட்கள் எங்கே போனார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்பது என் புத்தகத்தில் இல்லை. ஆண்டுக் கணக்கு கேட்டால் அவன் உழைப்பாளி. நாள் கணக்கு கேட்டால்தான் அந்தப் பட்டினி நாட்கள் வெளியே தெரியும். தர்மபுரி, சேலம், நெல்லைப் பக்கங்களிலிருந்து இந்த ஊர்க் கட்டட வேலைக்கு வந்த நம் ஆட்களில் எத்தனையோ பேரின் வாழ்க்கை இதுதானே.

2025 முதல் இந்த ஆய்வின் எண்கள் மாதாமாதம் வெளியாகத் தொடங்கியுள்ளன. பத்திரிகைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். மாத எண் வாரக் கணக்கில் எடுக்கப்படுவது. வருடாந்திர அறிக்கையில் தலைப்பாக வருவது பெரும்பாலும் ஆண்டுக் கணக்கு. 2023-24-இல் நாடு முழுமைக்கும் ஆண்டுக் கணக்கில் 3.2, வாரக் கணக்கில் 4.9. ஒன்றை ஒன்றோடு ஒப்பிட்டு "ஏறிவிட்டது, இறங்கிவிட்டது" என்பது மீட்டர் கேஜ் ரயிலை பிராட் கேஜில் ஓட்டுகிற கதை.

இன்னொன்று. கேரளத்தில் 15 முதல் 29 வயது வரையுள்ளோரிடையே வேலையின்மை 29.9 சதவீதம் என்று 2023-24 அறிக்கை வந்தபோது, "பத்துப் பிள்ளைகளில் மூன்று பேர் தெருவில் நிற்கிறார்கள்" என்று நம் வீடுகளில் பேசிக்கொண்டார்கள். பிள்ளைகளைச் சென்னைக்கே அனுப்பிவிடலாமா என்று என்னிடம் யோசனை கேட்டவர்களும் உண்டு. அது அப்படியல்ல. வேலையில் இருப்பவரும் வேலை தேடுபவரும் சேர்ந்த கூட்டத்தில்தான் அந்தப் பங்கு. படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் அந்தக் கூட்டத்திலேயே இல்லை. நிலைமை மோசம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பத்துப் பிள்ளைகளிலும் மூன்று என்ற கணக்கு தவறு. எல்லா வயதும் சேர்ந்த கேரள எண் 2017-18-இல் 11.4, 2023-24-இல் 7.2. வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த எண் சின்னதாகத் தெரிவதற்குக் காரணம், இதில் என் மகனைப் போன்றவர்கள் இல்லை என்பதே.

சரி, அரசாங்கத்தின் அட்டவணையில் என் மனைவி 11-ஆக இருந்தால் என்ன, 92-ஆக இருந்தால் என்ன என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கேரளத்தில் தையல் தொழிலாளர்களுக்கென்று சட்டப்படி ஒரு நலநிதி வாரியம் இருக்கிறது; 1994-ஆம் ஆண்டுச் சட்டம். மாதாமாதம் சிறு சந்தா கட்டினால் பிற்காலத்தில் பென்ஷன் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் பக்கத்துத் தெரு அம்மாள் ஒருவர் சேர்ந்தபோது என் மனைவியையும் கூப்பிட்டார். "உனக்கெதுக்கு அதெல்லாம்? நீ என்ன தையல் தொழிலாளியா?" என்றேன் நான். அவளும் பேசாமல் இருந்துவிட்டாள். கேட்டுப் போனவர் இன்று தன் கையெழுத்தில் தன் பென்ஷன் வாங்குகிறார். என் மனைவிக்கு அறுபது தாண்டிவிட்டது. இனிச் சேர முடியாது. என் பென்ஷனில் அவளுக்குப் பங்கு உண்டு என்பது வேறு விஷயம். ஆய்வுக்காரப் பெண்ணிடம் நான் 2023-இல் சொன்ன பொய்யை, அவளிடமே எத்தனையோ வருடங்களுக்கு முன் சொல்லிவிட்டேன் என்பதுதான் விஷயம்.

நம் தெருக்களில் எத்தனை பேர் இப்படி என்று எண்ணிப் பாருங்கள். எதிர் வீட்டு மாமி கோடையில் வடாமும் அப்பளமும் இட்டுக் கடைக்குக் கொடுக்கிறார். தோவாளையிலிருந்து வரும் பூவை வாங்கி வந்து வீட்டுத் திண்ணையில் கட்டிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இட்லி மாவு அரைத்து விற்பவர், சாயங்காலம் பத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவர், கல்யாணத்துக்கு முறுக்குச் சுற்றப் போகிறவர். இவர்களில் பெரும்பாலோர் வீட்டில் ஆண்பிள்ளை வாசலில் உட்கார்ந்து "சும்மா" என்று பதில் சொல்லியிருப்பார். சிலர் அறியாமையால். சிலர் கௌரவத்தால், "என் பெண்டாட்டி சம்பாதித்துத்தான் சாப்பிட வேண்டுமா" என்று. சிலர் பயத்தால். ரேஷன் கார்டின் நிறம் மாறிவிடுமோ, கரண்டு பில் வணிகக் கட்டணத்துக்குப் போய்விடுமோ என்ற பயம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாம் சொல்லும் விவரங்களை வேறு யாரும் பார்க்கவோ சாட்சியமாகக் காட்டவோ முடியாது என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அந்தப் பயம் வேண்டாம்.

2027 மார்ச் 1-ஐக் குறிப்புத் தேதியாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2025 ஜூனில் அறிவிக்கை வந்திருக்கிறது. அதை ஒட்டி நம் சங்கத்துக்கு ஒரு யோசனை சொல்கிறேன். பொங்கல் விழாவுக்குக் கோலப் போட்டி வைக்கிறோம், பட்டிமன்றம் வைக்கிறோம். கூடவே அரை மணி நேரம் ஒதுக்கி, கணக்கெடுப்பாளர் என்ன கேட்பார், வீட்டில் செய்யும் எந்தெந்தக் காரியம் தொழிலாகச் சேரும் என்பதை யாராவது விவரம் தெரிந்தவரை அழைத்துப் பெண்களுக்கு விளக்கச் சொல்லலாம். விற்பதற்கு இடும் அப்பளம் சேரும். வீட்டுச் சாப்பாட்டுக்கு இடும் அப்பளம் சேராது. பிறர் சேலைக்கு ஃபால்ஸ் அடித்துக் காசு வாங்கினால் சேரும். கடையில் கணவனுக்குத் துணை நின்றால், கூலி வாங்காவிட்டாலும் சேரும். மலையாளத்தில் கேட்கும் கேள்வி சரியாகப் புரியாமல் தலையாட்டிவிடும் புதுக் குடும்பங்களுக்கு, பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கூட இருந்து தமிழில் எடுத்துச் சொல்லலாம். செலவில்லாத காரியம். செய்வார்களா என்று பார்ப்போம். போன பொதுக்குழுவில் மைக் செட் வாடகைக்கே ஒரு மணி நேரம் வாதம் நடந்தது.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்து மனைவியிடம் படித்துக் காட்டினேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள். எண்கள் வரும் இடத்தில் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப நான் பதினொண்ணு. நீங்க?"

"தொண்ணூற்று நாலு."

"அதுக்கு என்ன அர்த்தம்னு சொன்னீங்க?"

சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, அடுத்த தடவை யாராவது வந்தால் மோர் கலக்குவது என் பொறுப்பு, பேசுவது தன் பொறுப்பு என்று சொல்லி மெஷினை மிதிக்கத் தொடங்கினாள்.